உருளும் வாடிக்கு மூன்று பத்திரங்கள்

மட்டக்களப்பு நாட்டிலே ‘வாடி’ என்றால் இன்னதென்று அறியாதார் இலர். படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்கென எழும் குடிலும் வாடி; கடலோரத்தில் மீனவர் தங்கும் கொட்டிலும் வாடி. இவ்விரண்டும் நின்ற இடத்திலே நிற்பவை. நாம் இங்கு எடுத்துக்கொண்டதோ உருண்டு செல்லும் வாடி. பழைய வான் ஒன்றின் (ஆகாயமன்று, மோட்டார் வண்டியே!) பின்னாசனங்களைக் கழற்றி, படுக்கைப் பலகை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி முதலியவற்றைப் பொருத்திக் குடும்பத்தோடு பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ புறப்படும் ஆசை பலருக்குண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஆதலால் புதியது வாங்குவதை மறந்து, உள்ள வண்டியையே மாற்றியமைக்க எண்ணினோர்மீது குறை கூறுவதற்கில்லை.

இவ்வகை வண்டிக்கு ஜெர்மனியையே தாயகம் எனலாம். 1950 இல் போக்ஸ்வாகன் நிறுவனம் தன் வானை வெளியிட்டது. மறு ஆண்டிலேயே வெஸ்ட்பாலியா என்னும் வண்டிக் கூடு கட்டும் நிறுவனம் அதற்குள் பொருத்தத்தக்க படுக்கையும் அலுமாரியும் செய்யத் தொடங்கிற்று. நம் நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் (14 ஆம் இலக்கம்) அதே 1951 இலேயே பிறந்தது என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

அச்சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவுச் சான்றிதழ் உண்டு. அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம், வண்டியின் வகுப்பு, கூட்டின் வகை, ஆசனத் தொகை, வெறும் எடை என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். வான்கள் பெரும்பாலும் ஆட்களையும் பொருள்களையும் ஒருங்கே ஏற்றும் ‘இரட்டைப் பயன்பாட்டு வாகனம்’ என்றே பதியப்பட்டுள்ளன. தச்சன் ஒரு வாரம் உள்ளே வேலை செய்து வெளிவந்தபின், அந்தச் சான்றிதழ் கூறும் வண்டி வேறு, முற்றத்தில் நிற்கும் வண்டி வேறு என்றாகிவிடுகிறது. ஆசனங்கள் குறைந்தன, எடை கூடிற்று.

எடை எவ்வளவு கூடும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 80 லீற்றர் தண்ணீர் 80 கிலோ. மின்கலம் ஒன்று ஏறக்குறைய 25 கிலோ. 12.5 கிலோ வாயு அடங்கிய உருளை, அதன் இரும்போடு சேர்த்து 25 கிலோவுக்குக் குறையாது. பலகையையும் அலுமாரியையும் எண்ணாமலே இரண்டு பெரிய ஆட்களின் பாரம் ஏறிவிட்டது. 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனையில் வாவியைக் கடக்கும் வண்டிகள் ‘பாதை’யில் ஏறியே சென்றன. மிதக்கும் அந்தத் தட்டிலே எந்த வண்டியை எங்கே நிறுத்துவதென்று பாதைக்காரர் கண்ணாலேயே பாரத்தை மதித்திருப்பர். அரசாங்கத்துக்கோ கண்மதிப்புப் போதாது. நிறைத்துப் பார்த்த அளவே வேண்டும். எனவே, வேலைக்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் காரியாலயத்தில் எந்த மாற்றத்துக்கு அனுமதியுண்டு, எந்தப் பரிசோதனை தேவை என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். அடித்த ஆணியைப் பிடுங்குவதிலும் அடியாதிருப்பது எளிது.

பிரித்தானியாவில் வாழும் நம்மவர்க்கு இத்தொல்லை இன்னும் சற்று நுட்பமானது. அங்குள்ள அதிகாரசபை, ஆறடி நீளப் படுக்கை, மேசை, ஆசனம், நிலையான அடுப்பு, பொருள் வைக்கும் பெட்டி இத்தனையும் உள்ளே இருந்தாலும் திருப்தியடைவதில்லை. பக்கச் சன்னல்கள், உயர்ந்த கூரை, வெளியே பந்தல் விரிக்கும் சட்டம் போன்ற அடையாளங்களால் வண்டி தெருவில் செல்லும்போதே வீடாகத் தோன்றவேண்டுமாம்! தோன்றாவிட்டால் அது ஏட்டில் வெறும் வானே.

இனி, இரண்டாவது பத்திரமாகிய காப்புறுதிக்கு வருவோம். பெரும் நட்டம் நேர்வது இங்கேதான். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி பிறருக்கு நேரும் கேட்டுக்கே உரியது. நம் வண்டி எரிந்து சாம்பலானால் அதற்காக ஒரு சதமும் கிடையாது. முழுமைக் காப்புறுதி எடுத்தோரும் படுக்கையையும் அடுப்பையும் பற்றிச் சொல்லாதிருந்தால், கம்பனி காப்புறுதி செய்தது ஆசனங்கள் கொண்ட வானையேயன்றி அடுப்பெரியும் வீட்டையன்று.

வணிகக் கல்வி பயிலும் மாணவர் ‘அதியுயர் நம்பிக்கை’ என்ற தத்துவத்தைப் படித்திருப்பர். 1766 இல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு அளித்த தீர்ப்பொன்று அதற்கு மூலமாகக் காட்டப்படுவது. சுமாத்திராவிலிருந்த மார்ள்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், கோட்டை பகைவர் கைப்படுவதற்கெதிராகக் காப்புறுதி செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்ததும், கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று காப்புறுதி செய்தவர் வாதித்தார். தனக்கு மட்டுமே தெரிந்த முக்கிய செய்தியை மறைத்தல் ஆகாது என்ற விதியை நீதிபதி வகுத்தார். ஆயினும் இந்நிலைமையைக் காப்புறுதி செய்தவரே அறிந்திருக்கலாம் என்று வெற்றி ஆளுநருக்கே கிட்டியது. கோட்டையின் நிலையை ஊரறியும். நம் வானுக்குள் எரிவாயு உருளை இருப்பதை நாம் சொல்லாமல் கம்பனி எங்ஙனம் அறியும்?

அந்த உருளையைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலெழாது தரையிலே தேங்கி நிற்கும். ஆகவே, உருளை வைக்கும் பெட்டியின் அடித்தட்டில் வெளியே திறக்கும் துவாரம் அவசியம். மேலே சன்னலைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது பேதைமை.

விடுமுறையில் வண்டியை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுச் சிறிது பணம் தேடலாமென எண்ணுவோரும் உளர். தனிப்பட்ட பாவனைக்கென எழுதிய காப்புறுதி வாடகைப் பயணத்தில் நேரும் விபத்துக்கு உதவாது. மாரிக்கு முன்னே வெள்ளமும் சூறாவளியும் பத்திரத்தில் அடங்குமா என்றும் கேட்டு, விடையை எழுத்திலே பெறுங்கள். 1978 நவம்பர் 23 ஆம் நாளை மறவாத ஊர் இது.

மூன்றாவதான வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் பெறுவது. காப்புறுதிச் சான்றும் புகைப் பரிசோதனைச் சான்றும் காட்டினால் அது தாமதமின்றிக் கிட்டும்.

தச்சனின் பற்றுச்சீட்டு, நிறைச் சீட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் பிடித்த படங்கள், கம்பனிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி ஆகிய யாவற்றையும் ஒரு கோவையிலிட்டு வீட்டிலே வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் வேண்டா. வண்டி வெள்ளத்தில் அகப்பட்டால் கோவையும் அதனோடு போய்விடும் அன்றோ!