நஞ்சுக்கொடியின் செல் வகைகளை டி.என்.ஏ. மெத்திலேற்றத்தைக் கொண்டு மதிப்பிடுதல்

நஞ்சுக்கொடித் துண்டு ஒன்றில் எந்தெந்த வகைச் செல்கள் என்ன விகிதத்தில் கலந்துள்ளன என்பதை, அவற்றைப் பிரித்து எண்ணாமல், டி.என்.ஏ.வில் உள்ள மெத்தில் குறிகளைக் கொண்டு கணக்கிடும் முறை இது. பாடநூல்கள் தாய்சேய் இணைப்புத் திசு என்று குறிப்பிடுவதும், ஊர்ப்பக்கம் மண்ணில் புதைப்பதும், மருத்துவமனையில் மஞ்சள் பையில் போடப்படுவதும் இந்த நஞ்சுக்கொடிதான். நிறைமாதத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும்.

பார்வைக்கு ஒரே சதைப் பிண்டமாகத் தெரிந்தாலும் உள்ளே பல வகைச் செல்கள் உண்டு. தாயின் இரத்தத்தைத் தொட்டு நிற்கும் மேல்உறை சின்சிட்டியோடிரோபோபிளாஸ்ட். இது செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்களுடன் விரிந்த ஒரே படலம். அதற்கு அடியில் சைட்டோடிரோபோபிளாஸ்ட் செல்கள், உள்ளே இரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள், தாங்குதிசுச் செல்கள், ஹாஃப்பாயர் செல்கள் எனப்படும் சிசுவின் விழுங்கு செல்கள், உட்கருவுள்ள இரத்தச் சிவப்பணுக்கள் ஆகியவை உள்ளன.

எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. ஒன்றே. ஆனால் அதன்மேல் மெத்தில் தொகுதி ஒட்டியுள்ள இடங்கள் செல் வகைக்கு வகை வேறுபடும். தாம்பரம் சந்தைப் பக்கம் காப்பித்தூள் கடையில் பிளான்டேஷன், பீபெரி, சிக்கரி மூன்றையும் கலந்து அரைத்துத் தருவார்கள். அரைத்தபின் பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றின் தனிச் சுவையை அறிந்தவர் குடித்துப் பார்த்தே சிக்கரி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். இங்கும் வேலை அதுவேதான், நாக்குக்குப் பதில் கணக்கு.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்): ஓர் இடத்தில் ஹாஃப்பாயர் செல்களின் டி.என்.ஏ.வில் 80 விழுக்காடும் டிரோபோபிளாஸ்ட் செல்களில் 20 விழுக்காடும் மெத்தில் குறி உள்ளது என்க. இவ்விரண்டும் மட்டுமே கலந்த துண்டில் 32 விழுக்காடு கிடைத்தால், ஹாஃப்பாயர் செல்களின் பங்கு ஐந்தில் ஒன்று. பத்தாம் வகுப்பு மாணவர் போடும் சமன்பாடுதான். உண்மையில் ஆறு வகைகளுக்கு, நூற்றுக்கணக்கான இடங்களின் அளவுகளைச் சேர்த்து, மிகப் பொருத்தமான விகிதத்தைக் கணினி தேடும்.

இத்தகைய முறையை 2012இல் ஹவுஸ்மேன் குழுவினர் இரத்தத்துக்கு உருவாக்கினர். நஞ்சுக்கொடிக்குத் தனிச் செல்களின் 'சுவைப்பட்டியல்' வேண்டியிருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வென்டி ராபின்சனின் குழு செல்களை வகைவாரியாகப் பிரித்து, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை அளக்கும் இல்லுமினா சில்லில் சோதித்து, முடிவை 2021இல் வெளியிட்டது. 'பிளானட்' என்னும் அவர்களின் இலவச மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம்.

இதன் தேவை நம் நாட்டு ஆய்வுகளிலும் தெரிகிறது. கர்ப்பகால இரத்த அழுத்த நோயான பிரீஎக்ளாம்ப்சியா கண்ட தாய்மாரின் நஞ்சுக்கொடியில் மொத்த மெத்திலேற்றம் கூடியிருப்பதை, புனேயில் சாதனா ஜோஷியின் குழு 2011இல் தெரிவித்தது. நல்ல கவனிப்புதான். ஆனால் இத்தகைய முடிவைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும்: செல்களே மாறினவா, அல்லது ஒரு வகைச் செல் குறைந்து இன்னொன்று கூடியதா? மொத்த அளவு என்பது ஒரே எண். ஓர் எண்ணிலிருந்து ஆறு விகிதங்களைப் பிரிக்க வழியில்லை. இடவாரியான அளவீடு இருந்தால்தான் முடியும்.

கேள்வி வீண் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் இதே நோயில் மரபணு வெளிப்பாட்டை (மெத்திலேற்றத்தை அல்ல) இவ்வாறு பகுத்து 2023இல் வெளியிட்டனர். செல் விகிதத்தைக் கணக்கில் கொண்டதும், நோயால் வந்தவை என்று தோன்றிய வேறுபாடுகளில் பெரும்பகுதி மங்கிப்போனது. மருந்துக்கான இலக்கைத் தேடுபவர் இதைக் கவனிக்காவிட்டால், மாறாத மரபணுவின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைய நேரும்.

கிடைக்கும் விடை விகிதமே தவிர எண்ணிக்கை அல்ல. பட்டியலில் இல்லாத செல், எடுத்துக்காட்டாகத் துண்டோடு ஒட்டிவந்த தாயின் கருப்பைச் செல், கலந்திருந்தால் அதன் பங்கும் மற்ற ஆறில்தான் ஏற்றப்படும். முதல் மூன்று மாதங்களின் செல்களுக்கும் நிறைமாதச் செல்களுக்கும் குறிகள் வேறுபடுவதால், இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் தரப்பட்டுள்ளன.