'பிரசென்ட்லி': 'உடனே' தாமதமான கதை

ஆங்கிலத்தில் 'பிரசென்ட்லி' என்பதை 'இப்போது' என்ற பொருளில் எழுதுவது தவறு, 'சற்று நேரத்தில்' என்பதே சரி என்று கண்டிப்பான இலக்கணக்காரர்கள் சொல்வதுண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 15ஆம் நூற்றாண்டிலேயே அது 'இப்போது' என்று வழங்கியது; 'உடனே' என்றும் பொருள்பட்டது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இயேசு சபித்த அத்திமரம் 'பிரசென்ட்லி' பட்டுப்போகிறது. மெல்ல அல்ல, அந்தக் கணமே. 1881இல் வெளியான திருத்திய பதிப்பு அந்த இடத்தில் 'இமீடியட்லி' என்று மாற்றிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஏரியல் என்ற ஆவி 'உடனேயா?' என்று இதே சொல்லால் கேட்க, 'ஆம், கண் சிமிட்டும் நேரத்தில்' என்கிறான் அதன் எஜமான் புராஸ்பெரோ.

'உடனே' எப்படிச் 'சற்று நேரத்தில்' ஆயிற்று? தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 'சூன்', 'அனான்', 'பை அண்ட் பை' மூன்றுமே ஒரு காலத்தில் 'உடனே' என்று பொருள்பட்டுப் பிறகு தளர்ந்தவைதான். உடனே செய்வதாகச் சொன்னவர் தாமதிக்கத் தாமதிக்க, கேட்பவர் மனத்தில் அந்தச் சொல்லின் அவசரம் தேய்கிறது. இதுவே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. இரண்டு பொருள் இருந்தால் குழப்பம் வராதா என்பது நியாயமான கேள்வி. நிகழ்கால வினையோடு வந்தால் 'இப்போது', எதிர்கால வினையோடு வந்தால் 'சற்று நேரத்தில்' என்று வாக்கியமே பெரும்பாலும் காட்டிவிடும். பழைய நூல்களில்தான் கவனம் வேண்டும்: இன்றைய பொருளை அங்கே பொருத்தினால், நொடியில் நடந்தது நிதானமாக நடந்ததாகத் தோன்றிவிடும்.