உஷார்! ஆலங்கட்டி விழுமுன் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

டாலஸ், ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழர்களே, இதைப் படித்த கையோடு உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடி எடுங்கள். ரினியூவல் சமயத்தில் இமெயிலில் வந்து, திறக்கப்படாமலே கிடக்கும் அந்த பிடிஎஃப்தான். முதல் சில பக்கங்களுக்குள் ‘டிக்ளரேஷன்ஸ்’ என்று ஒரு தாள் இருக்கும். அதில் ‘விண்ட் / ஹெயில் டிடக்டிபிள்’ என்று, அதாவது சேதத்தில் நீங்களே முதலில் ஏற்க வேண்டிய பங்கு என்று, காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனியாக ஒரு வரி. அங்கே எழுதியிருப்பது டாலர் தொகையா, சதவீதமா?

பெரும்பாலும் 1% அல்லது 2% என்றுதான் இருக்கும். இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அது சேதத்தில் 2% அல்ல. வீட்டை எவ்வளவு தொகைக்கு இன்சூர் செய்திருக்கிறீர்களோ, அந்த மொத்தத் தொகையில் 2%. வீடு 4,50,000 டாலருக்கு இன்சூர் ஆகியிருந்தால் முதல் 9,000 டாலர் உங்கள் பொறுப்பு. கூரையை மாற்ற 18,000 டாலர் ஆகிறது என்று வையுங்கள், சரிபாதி உங்கள் கையிலிருந்து போகும். கட்டுமானச் செலவு ஏற ஏற, கம்பெனி அந்த மொத்தத் தொகையையும் ரினியூவலில் ஏற்றிக்கொண்டே வரும். தாளில் 2% என்பது மாறாது, உங்கள் பங்கு மட்டும் சத்தமில்லாமல் ஏறும்.

இதைவிட ஆபத்தான வரி ஒன்று உண்டு. கூரைக்கு இழப்பீடு ‘ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்’ கணக்கிலா, ‘ஆக்சுவல் கேஷ் வேல்யூ’ கணக்கிலா என்பது. முதலாவது, புதுக் கூரை போட ஆகும் செலவு. இரண்டாவது, கூரையின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்த மதிப்பு. சில பாலிசிகளில் எத்தனை வயதுக் கூரைக்கு எத்தனை சதவீதம் என்று அட்டவணையே போட்டு இணைத்திருப்பார்கள். அதே 18,000 டாலர் கூரைக்கு வயது 15 என்றும், அட்டவணைப்படி 40% மட்டும் கிடைக்கும் என்றும் கொள்ளுங்கள். 7,200 டாலர். உங்கள் டிடக்டிபிளோ 9,000. ஆக, கிடைப்பது பூஜ்யம். வருடக்கணக்கில் தவறாமல் பிரீமியம் கட்டிய வீட்டுக்குக் கூரைக்கென்று ஒரு டாலர்கூட வராது. கூரைக்கு வயதானதும் ரினியூவலிலேயே இந்த மாற்றத்தைச் செய்துவிடும் கம்பெனிகள் இருக்கின்றன. அறிவிப்பு அனுப்புவார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது அறுபது பக்கக் கட்டில் ஒரு பக்கமாக அது வந்தால் யார் கண்ணில் படும்?

நம் ஊரில் கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே வளர்ந்தவர்களுக்குக் கூரை ஒரு கவலையாக மனதில் பதிந்ததே இல்லை. இங்கே தலைக்கு மேல் இருப்பது மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய மரப்பலகை, அதன்மேல் ஆணியடித்த ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள். அவ்வளவுதான்.

அதன்மேல் என்ன விழும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் மோதும் இடம் வட டெக்சஸ். மார்ச் முதல் ஜூன் வரை இங்கே எழும் இடிமேகங்களுக்குள் காற்று அசுர வேகத்தில் மேலே ஏறும். பனிக்கட்டியைக் கீழே விடாமல் தாங்கிப் பிடித்துப் பெரிதாக்குவது அந்தக் காற்றுதான். 1 அங்குல விட்டத்தைத் தொட்டாலே அமெரிக்க வானிலைச் சேவை அதைக் கடும் புயல் என்று எச்சரிக்கும். 2 முதல் 4 அங்குலக் கட்டிகள் மணிக்கு 70 முதல் 115 கி.மீ. வேகத்தில் இறங்கக்கூடியவை. 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தில் திறந்தவெளி மேஃபெஸ்ட் விழாவில் இருந்தவர்கள்மேல் ஆலங்கட்டி கொட்டி 100க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். 2016 ஏப்ரல் 11 அன்று பிளேனோவுக்குப் பக்கத்து வைலி நகரில் சாஃப்ட்பால் அளவுக் கட்டிகள் கூரையையே துளைத்துக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தன. மறுநாளே சான் அன்டோனியோவில் இன்னொரு பெருஞ்சேதம். 2021 ஏப்ரலில் அதற்கு மேற்கே ஹோண்டோவில் விழுந்த கட்டியின் விட்டம் 6.4 அங்குலம்.

துளை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரியாத அடிதான் வீட்டுக்காரரை ஏமாற்றுகிறது. ஷிங்கிளின் மேலே மணல்போல் ஒட்டியிருக்கும் கல்துகள்தான் வெயிலிலிருந்து அதைக் காக்கிறது. கட்டி விழுந்த இடத்தில் துகள் உதிர்ந்து, கறுத்த வட்டமாகத் தெரியும். விரலால் அழுத்தினால் கன்றிய பழம்போல் அமுங்கும். அன்றைக்கு ஒரு சொட்டு ஒழுகாது. டெக்சஸ் வெயில் ஓரிரு வருடம் வேலை செய்தபிறகு அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். கிளைம் கேட்கப் பல பாலிசிகளில் ஓராண்டுதான் கெடு. ஒழுகுவது தெரியும்போது கெடு முடிந்திருக்கும்.

எனவே புயல் ஓய்ந்த மறுநாளே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஏணி போட்டு மேலே ஏற வேண்டாம், தரையிலிருந்தே நிறையத் தெரியும். மழைநீர்க் குழாயின் வாயில் கறுப்பு மணல் குவிந்திருக்கிறதா? ஏசியின் வெளி யூனிட்டில் மெல்லிய அலுமினியத் தகடுகள் நசுங்கியிருக்கின்றனவா? ஜன்னல் வலை கிழிந்திருக்கிறதா? எல்லாவற்றையும் தேதியோடு படம் பிடியுங்கள். கட்டி கரைவதற்குள் பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வைத்து எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் உள்ளே இறங்கினால் உடனே தார்ப்பாய் போட்டு மூடி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேலும் சேதமாகாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பாலிசியிலேயே இருக்கும்.

அடுத்து, கதவைத் தட்டுகிறவர்கள். புயலுக்குப் பின்னாலேயே வெளி மாநில வண்டிகள் தெருவில் நுழைந்துவிடும். கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன், டிடக்டிபிளை நீங்கள் கட்டவே வேண்டாம், இன்சூரன்ஸிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்பார்கள். தயவுசெய்து அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லி வேலை பிடிப்பது குற்றம். நீங்கள் உங்கள் பங்கைக் கட்டியதற்கு அத்தாட்சி கேட்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு. கூரை போடுகிறவரே உங்களுக்காகக் கிளைம் பேசுவதற்கும் சட்டத்தில் இடமில்லை, அந்தத் தடை செல்லும் என்று 2024 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இத்தனைக்கும் கூரை போடுகிறவர்களுக்கு இந்த மாநிலத்தில் லைசென்ஸ் கட்டாயமே இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு டிரக்கும் விசிட்டிங் கார்டும் வைத்துக்கொண்டு ரூஃபர் ஆகிவிடலாம். பல வருடமாக இதே ஊரில் தொழில் செய்கிறவரா, பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று விசாரித்து, விவரமான எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். வேலை முடியுமுன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் கிளைம் செக்கில் வங்கியின் பெயரும் சேர்ந்தே வரும், அவர்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க நேரும். ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் பாலிசியானாலும் முதல் செக்கில் தேய்மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வேலை முடித்துப் பில் காட்டினால் மீதி வரும். அதற்கும் கெடு உண்டு, மறந்து கோட்டைவிட்டவர்கள் நிறைய.

புதுக் கூரை போடும் வாய்ப்பு வந்தால் ‘கிளாஸ் 4’ ஷிங்கிள் கேளுங்கள். 2 அங்குல எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் விரிசல் விடாதது. விலை கூடுதல்தான். ஆனால் டெக்சஸில் பல கம்பெனிகள் அதற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன, கூரை போட்டவர் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுக்க வேண்டும். தள்ளுபடிக்குப் பதிலாக, ‘வெறும் தோற்றச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது’ என்ற பிரிவில் கையெழுத்துக் கேட்கிறார்களா என்று பாருங்கள். குறிப்பாக உலோகக் கூரைக்காரர்களுக்கு இது பெரிய அடி.

இந்த வாரமே ஏஜென்ட்டுக்கு ஒரு இமெயில் தட்டுங்கள். என் ஹெயில் டிடக்டிபிள் இன்றைய தேதியில் எத்தனை டாலர்? கூரைக்கு எந்தக் கணக்கில் இழப்பீடு? தோற்றச் சேத விலக்கு இருக்கிறதா? டிடக்டிபிளை 1%க்குக் குறைத்தால் பிரீமியம் எவ்வளவு கூடும்? போனில் சொல்கிறேன் என்றால் விடாதீர்கள், பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.