பத்து விநாடிப் பெட்டி

ஒரு சாக்ஸபோன் கீச்சிட்டபடி மேலேறுகிறது. உச்சியைத் தொட்டதும் மறுபடி அடியிலிருந்து ஏறுகிறது. ஏறக்குறைய ஐந்து நிமிடப் பாடலில் அது பெரும்பாலும் ஓய்வதில்லை. முதல் தடவை கேட்பவருக்கு எங்கோ அபாயச் சங்கு ஊதுவதுபோல உடம்பு விறைத்துக்கொள்ளும்.

நியூயார்க்கின் பப்ளிக் எனிமி குழு 1987இல் வெளியிட்ட ‘ரெபல் வித்தவுட் எ பாஸ்’ என்ற ராப் பாடல் அது. அந்தக் கீச்சொலி அவர்கள் வாசித்ததல்ல. ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக் குழுவான ஜே.பி.ஸ் 1970இல் பதிவுசெய்த ஓர் இசைத்தட்டின் தொடக்கத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அடுத்த ஆண்டு வந்த ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ என்ற ஆல்பத்தில் இந்தப் பாடலும் சேர்ந்தது. அந்த ஆல்பம் முழுவதுமே இப்படிப்பட்ட துண்டுகளை அடுக்கிக் கட்டியதுதான். டிரம் அடி, கொம்பு வாத்தியத்தின் ஒற்றை வெடிப்பு, யாரோ ஒருவரின் பேச்சு, கச்சேரிக் கூட்டத்தின் ஆரவாரம் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

அடுக்கியவர்கள் ‘பாம் ஸ்குவாட்’ என்ற தயாரிப்பாளர் கூட்டணி: ஹாங்க் ஷாக்லி, அவர் தம்பி கீத், எரிக் சாட்லர், பாடகர் சக் டி. அவர்கள் கையிலிருந்த கருவிகளில் ஒன்று கலிஃபோர்னியாவின் ஈ-மியூ நிறுவனம் 1987இல் கொண்டுவந்த எஸ்.பி.-1200 என்ற சாம்ப்ளர். அந்தப் பெட்டியின் நினைவில் மொத்தம் 10 விநாடி ஒலிதான் கொள்ளும். ஒரு துண்டின் நீளம் இரண்டரை விநாடியைத் தாண்டக் கூடாது.

ஒலி என்பது காற்றின் அலை. சாம்ப்ளர் அந்த அலையைச் சீரான இடைவெளியில் அளந்து, எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் வளைவு வழுவழுப்பாக வரும். தள்ளித் தள்ளி இருந்தால் முனை முறியும். குறுந்தட்டு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. எஸ்.பி.-1200 அளப்பதோ 26,040 முறை, அதன் படிகள் 4,096 மட்டுமே. அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களை எந்தக் கருவியாலும் சரியாகப் பிடிக்க முடியாது என்பது கணித விதி. ஆகவே 13,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் மினுமினுப்பு இந்தப் பெட்டிக்கு எட்டாது. படிகள் குறைவு என்பதால் ஒவ்வொரு துண்டின் மீதும் மெல்லிய சொரசொரப்பும் படிந்துவிடும்.

பத்து விநாடி போதாதபோது அந்நாளைய தயாரிப்பாளர்கள் ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவுசெய்வார்கள். 3.3 விநாடி இசை இரண்டரைக்குள் அடங்கிவிடும். பிறகு பெட்டிக்குள்ளேயே வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அப்படி இழுத்து நீட்டும்போது உயர் அதிர்வெண்கள் இன்னும் கொஞ்சம் தேயும். மூலத்தில் இல்லாத உலோகக் கரகரப்பு ஒன்றும் வந்து ஒட்டிக்கொள்ளும். சிக்கனத்துக்காகச் செய்த வேலை ஒரு காலகட்டத்தின் ஒலிநிறமாகவே ஆகிவிட்டது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது அடுக்கிய விதம். சாட்லர் இசைக்கருவி வாசிக்கப் பயின்றவர். டி.ஜே.யாக வளர்ந்த ஹாங்க் ஷாக்லியோ சுருதி சேராத துண்டுகளை வேண்டுமென்றே ஒன்றோடொன்று மோதவிட்டார். 440 ஹெர்ட்ஸ் ஒலியும் 480 ஹெர்ட்ஸ் ஒலியும் சேர்ந்து கேட்டால், அவற்றின் வித்தியாசமான 40 தடவை, விநாடிதோறும் ஒலி வலுத்து வலுத்துத் தணியும். அந்தத் துடிப்பைக் காது தனித்தனியாக எண்ணாது. கரடுமுரடான ஓர் உறுத்தலாக உணரும். லூக் அர்னால் முதலிய நரம்பியல் ஆய்வாளர்கள் 2015இல் மனித அலறலை ஆராய்ந்தபோது, விநாடிக்கு 30 முதல் 150 வரையிலான இத்தகைய துடிப்புகளே அதன் தனி அடையாளம் என்று கண்டார்கள். அபாய மணிகளிலும் அதே துடிப்புகள் உண்டு. சாதாரணப் பேச்சு அந்த எல்லைக்குள் பெரும்பாலும் போவதில்லை. அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவை இந்தத் துடிப்புகள் தூண்டுகின்றன. அந்த ஆய்வாளர்கள் இந்த ஆல்பத்தைச் சோதிக்கவில்லை. ஆனாலும், கறுப்பின மக்களின் கோபத்தைச் சொல்ல வந்த ஒரு கூட்டணி, ஆய்வகம் எதுவும் இல்லாமல் காதை மட்டும் நம்பி அலறலின் இலக்கணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இதெல்லாம் இசையா, வெறும் சத்தம் என்றவர்கள் அன்று நிறைய. குழுவோ ‘பிரிங் த நாய்ஸ்’ என்று ஒரு பாடலுக்குப் பெயரிட்டது. இதற்கு முந்தைய தன் முதல் ஆல்பத்தைப் பற்றி எழுதிய விமர்சகர்களுக்கு ‘டோன்ட் பிலீவ் த ஹைப்’ பாடலில் பதில் கொடுத்தது. அதே விமர்சகர்கள் கூட்டம்தான் பிறகு தலைவணங்கியது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் ஆண்டுதோறும் அமெரிக்க விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1988ஆம் ஆண்டின் முதலிடம் இந்த ஆல்பத்துக்கு. அதற்கு முன் எந்த ஹிப் ஹாப் ஆல்பமும் அங்கே அந்த இடத்துக்கு வந்ததில்லை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் 48ஆம் இடத்தில் இருந்தது, 2020இல் 15ஆம் இடத்துக்கு ஏறியது. இடையில் 1989இல் குழு உறுப்பினர் புரொஃபசர் கிரிஃப் யூதர்களைப் பற்றிப் பேசிய வெறுப்புப் பேச்சு பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது.

இப்படி ஓர் ஆல்பத்தை இன்று கட்ட நினைத்தால் சாம்ப்ளரின் நினைவு ஒரு தடையே இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. பாடகர் பிஸ் மார்கி அனுமதியின்றிக் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடல் துண்டைப் பயன்படுத்திய வழக்கில், 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே உரிமம் வாங்குவது கட்டாயமான வழக்கமாயிற்று. ஒரே பாடலில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை அடுக்குகிறவருக்கு அது கட்டுப்படியாகாத செலவு.

உரிமைத்தொகை என்ற ஏற்பாடு எல்லாருக்கும் நீதி செய்துவிடவும் இல்லை. ‘ரெபல் வித்தவுட் எ பாஸ்’, ‘பிரிங் த நாய்ஸ்’ இரண்டுக்கும் முதுகெலும்பான டிரம் அடி, ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ இசைத்தட்டிலிருந்து வந்தது. வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். உலகில் மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட தாளங்களில் ஒன்று அது. பாடலின் ஆசிரியராக அவர் பெயர் பதிவாகவில்லை என்பதால், பணம் வந்தபோதும் அவருக்குப் பங்கு வரவில்லை. 2017இல் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் இறக்கும்வரை அந்தக் குறை அவருக்குத் தீரவில்லை.