புதிய புற்றுநோய் மருந்துக்குக் காசு கேட்டால்...



வாய்ப்புற்றுநோய்க்கு மஹரகமவில் சிகிச்சை பெறும் ஓர் அம்மாவின் மகன் எங்களிடம் வந்தார். "ஐயா, புதுசா ஒரு ஊசி வந்திருக்காம். இப்பதான் சோதிச்சுப் பாக்குறாங்களாம். காசு கட்டினா போடுவாங்களாம். நகைய அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டார். யாரோ வெளியாள் சொன்ன பேச்சு. "வேண்டாம் தம்பி, முதல்ல கிளினிக் டாக்டரைக் கேளுங்க" என்றோம். காரணத்தை எல்லோரும் அறிய வேண்டும்.

தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் புதிய இனக் கன்றைச் சிறிய இடத்தில் நட்டுப் பார்த்த பிறகுதான் மலைக்குத் தருகிறார்கள். மருந்தும் அப்படித்தான். முதலில் சிலருக்குக் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள். அடுத்து, நோய் குறைகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் பலரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் மறு பிரிவுக்கு வழமையான சிகிச்சையும் கொடுத்து ஒப்பிடுவார்கள். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. ஆகவே "கட்டாயம் சுகமாகும்" என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

ஆய்வு மருந்தை வழக்கமாக ஆய்வு நடத்துவோரே இலவசமாகத் தருவார்கள். காப்புறுதி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று பல காப்புறுதிப் பத்திரங்களில் நிபந்தனை இருக்கும். செலவு செய்யுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நம் நாட்டில் மருந்து ஆய்வுக்கு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். ஆய்வில் சேரும்படி வைத்தியரே கேட்டால், பயந்து மறுக்கவும் வேண்டாம், உடனே கைநாட்டு வைக்கவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்:

1. பத்திரத்தைத் தமிழில் வாசித்து விளக்குவீர்களா?
2. அனுமதி பெற்ற ஆய்வா?
3. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பஸ் செலவு யாருடையது?
4. மருந்தால் கெடுதி வந்தால் யார் பொறுப்பு? அதற்குக் காப்புறுதி உண்டா?

சேர மறுக்கலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். அதற்காக உங்கள் வழமையான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

அந்தத் தம்பி கிளினிக்கில் விசாரித்தார். அப்படி ஒரு ஊசியே அங்கு இல்லை. நகை வீட்டில் இருக்கிறது. அம்மா தவறாமல் கிளினிக் போகிறார். சந்தேகம் இருந்தால் காசு கொடுக்குமுன் எங்களிடம் வாருங்கள்.