பிள்ளை அமெரிக்கப் படையில்: பெற்றோருக்கும் மனைவிக்கும் என்ன பாதுகாப்பு?

நகரி, புத்தூர், குப்பம், திருப்பதி என்று இந்தச் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளை அமெரிக்காவில் இருப்பது புதிதல்ல. அந்தப் பிள்ளை அமெரிக்க ராணுவத்தில் இருந்தால்? கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அங்கே படையில் சேரலாம். 2009-இல் ஆட்சேர்ப்பைத் தொடங்கிய ‘மாவ்னி’ திட்டம் ஒரு படி மேலே போய், தற்காலிக விசாவில் முறையாக இருந்தவர்களையும் மொழித் திறனுக்காகவும் மருத்துவப் படிப்புக்காகவும் எடுத்துக்கொண்டது. தேவைப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகள் நிற்க வேண்டியிருந்த இந்தியர்களுக்கு அது பெரிய வாசல். 10,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்த பிறகு, 2016-இல் சேர்க்கை நின்றது.

படையில் இருப்பவரின் அம்மா, அப்பா, மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோரிடம் செல்லுபடியாகும் விசா இல்லாமல் போனால் அவர்களை நாடு கடத்துவார்களா? இந்தக் கேள்விக்கான பதில் ஒரு ராணுவ வீரரின் மனைவியிலிருந்து தொடங்குகிறது. 2007 மே மாதம் இராக்கில் அலெக்ஸ் ஹிமெனெஸ் என்ற வீரர் பகைவர் கையில் சிக்கிக் காணாமல் போனார். அவருடைய மனைவி அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தவர் என்பதால், அதே நேரத்தில் நாடு கடத்தும் நடவடிக்கையை எதிர்கொண்டிருந்தார். நாடு கொதித்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மைக்கேல் செர்டாஃப் தலையிட்டு, அந்த மனைவிக்கு, நாட்டைவிட்டு வெளியேறாமலேயே ‘பரோல்’ என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியைக் கொடுத்தார். அந்த வீரரின் உடல் எச்சங்கள் அடுத்த ஆண்டுதான் கிடைத்தன.

‘பரோல் இன் பிளேஸ்’ எனப்படும் அந்த ஏற்பாட்டை 2013 நவம்பரில் குடியுரிமைத் துறை எழுத்தில் கொண்டுவந்தது. இப்போது பணியில் இருப்பவர்கள், ரிசர்வ் படையினர், முன்னாள் வீரர்கள் ஆகியோரின் துணை, பெற்றோர், பிள்ளைகளுக்கு இது உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு இல்லை. வழக்கமாக ஒரு வருடத்துக்குக் கொடுத்துப் புதுப்பிப்பார்கள். 2019 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றமும் இதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தியது.

ஆனால் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது வேறு. விசாவே இல்லாமல், எல்லையில் அதிகாரி முன் நிற்காமல் உள்ளே வந்தவர்களுக்கு உரியது இந்தப் பரோல். இந்தப் பக்கத்து அம்மாக்கள் பெரும்பாலும் சென்னையிலோ ஹைதராபாத்திலோ விமானம் ஏறி, விசிட்டர் விசாவில், பாஸ்போர்ட்டில் முத்திரையோடு போகிறவர்கள். ஆறு மாதம் முடிந்தும் பேரக் குழந்தைக்காகத் தங்கிவிட்டால், அவர்கள் ‘முறையாக நுழைந்து, காலம் கடந்து தங்கியவர்கள்’. அவர்களுக்குப் பரோல் கிடையாது. 2016-இல் ‘நடவடிக்கையை ஒத்திவைக்கும்’ வழி இப்படிப்பட்டவர்களுக்காகச் சேர்க்கப்பட்டது. ஆனால் அதுவும் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததுதான், உரிமை அல்ல.

இவர்களுக்கு உறுதியான வழி பிள்ளையின் குடியுரிமையில் இருக்கிறது. முறையாக நுழைந்த அம்மா, காலம் கடந்து தங்கியிருந்தாலும், 21 வயது நிரம்பிய குடிமகனின் தாய் என்ற முறையில் உள்ளே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். குடிமகனின் மனைவிக்கும் இது பொருந்தும். பிள்ளையிடம் கிரீன் கார்டு மட்டுமே இருந்தால் இந்த வழி திறக்காது. அதனால்தான் படையில் சேர்ந்த பிள்ளை முதலில் தன் குடியுரிமையை முடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். 2001 செப்டம்பர் 11 முதல் போர்க்காலம் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், படையில் பணிபுரிபவர் வழக்கமான ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லாமலேயே விண்ணப்பிக்க முடிகிறது. ஒரு எச்சரிக்கை: விசிட்டர் விசா வாங்கும்போதே தங்கிவிடும் எண்ணம் இருந்தது என்று அதிகாரி சந்தேகித்தால் விண்ணப்பம் சிக்கலாகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ‘ஒரு தடவை ஊருக்கு வந்துட்டுப் போ, எல்லாம் சரியாகிடும்’ என்று உறவுக்காரர்கள் சொல்லும் யோசனை. 180 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியே வந்தால் மூன்று ஆண்டு திரும்ப முடியாது. ஒரு வருடம் தாண்டியிருந்தால் பத்து ஆண்டு. இந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்கும்போது, விண்ணப்பிப்பவரின் கணவனோ மனைவியோ, அல்லது பெற்றோரோ படும் துன்பத்தைத்தான் பார்ப்பார்கள். படையில் இருக்கும் மகன் தாயில்லாமல் படும் துன்பத்துக்கு அதில் இடமில்லை. இது நியாயமல்ல என்றே நினைக்கிறேன்.

படைக் குடும்பங்களுக்கான சலுகை எவ்வளவு மெலிதானது என்பது 2025-இல் தெரிந்தது. படைப்பணியைக் கருணைக்குரிய காரணமாகப் பார்க்கச் சொன்ன 2022-ஆம் ஆண்டு அறிவுறுத்தலைக் குடியேற்ற அமலாக்கத் துறை ஏப்ரலில் திரும்பப் பெற்றது. ஜூனில் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், தோட்ட வேலை செய்துகொண்டிருந்த ஒரு தந்தையைப் பிடித்தார்கள். அவருடைய மூன்று மகன்களும் அமெரிக்க மரீன் படையைச் சேர்ந்தவர்கள். பிறகு பிணையில் வெளியே வந்தார்.

பெற்றோர் இன்னும் இங்கேயே இருந்தால் பரோல் பேச்சே வேண்டாம். குடிமகனான பிள்ளை மனுப் போட, குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில் நடக்கும். இங்கே தடங்கல் பெரும்பாலும் பெயரில் வருகிறது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் அம்மா இனிஷியலோடு ‘கே. செல்வி’, ரேஷன் கார்டில் தெலுங்கு வழக்கப்படி இண்டிபேரு (குடும்பப் பெயர்) முன்னால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் கணவர் பெயர், மகனின் பிறப்புச் சான்றில் ‘செல்வம்மா’. நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். பிறப்பே பதிவாகாத மூத்தவர்களுக்குப் பதிவு இல்லை என்ற சான்றும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரமும் தேவைப்படும். அரசின் மீ-சேவா மையத்துக்குப் போய், மகனின் பிறப்புச் சான்றில் உள்ள அம்மா பெயரைத் திருத்தும் வேலையை மனுப் போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.