மலிவு ரீலும் பற்சக்கரக் கணக்கும்

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். என் தந்தையார் வல்லத்தில் தங்கூசியைக் கையால் இழுத்தே பழகியவர். அவரது ஆட்காட்டி விரல் இப்போது மடங்குவதில்லை. ஆகவே, உதவித்தொகையில் மிச்சம் பிடித்த 1,500 ரூபாயில் ஜிக்கிங்கிற்கென ஒரு ரீல் வாங்கினேன். மீன் போன்ற உலோகத் துண்டை ஆழத்தில் இறக்கி, வெடுக் வெடுக்கென மேலிழுத்துப் பாரையை ஏமாற்றும் முறை அது. மூன்றாம் நாளே பல் உடைந்தது, மீனும் போயிற்று.

பிழை என்னுடையதே. பெட்டியில் ‘13 பேரிங்’ என்றிருந்ததைக் கண்டு மயங்கினேன். பேரிங் சுழற்சியை இலகுவாக்குமேயன்றி வலிமை தராது. பிளாஸ்டிக் உடல் ஒவ்வொரு வெட்டிழுப்பிலும் சற்றே வளைய, உள்ளே பற்கள் விலகித் தேய்கின்றன. உலோக உடலா என்பதே முதற்கேள்வி.

அடுத்தது விகிதம். 5:1 எனில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நூல் ஐந்து சுற்று ஏறும். சுருளின் விட்டம் 5 செ.மீ. ஆனால் ஏறத்தாழ 78 செ.மீ.; 6:1 எனில் 94. வேகம் கூடியதென மகிழ வேண்டாம். நெம்புகோல் பாடத்தில் படித்ததுதான்: வேகத்தில் பெற்றதை விசையில் இழக்கிறோம். கனத்த மீனை ஆழத்திலிருந்து ஏற்றக் குறைந்த விகிதமே கைக்கு இதம்.

‘டிராக்’ என்னும் பிடிப்பு, நூல் தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுவையில் நூலை விடவேண்டும். 12 கிலோ நூலுக்கு 3 அல்லது 4 கிலோ. பெட்டியில் அச்சிட்டதை நம்பாமல், ஆய்வக வில்தராசை இரவல் வாங்கி இழுத்துப் பார்த்தேன். (ஆசிரியர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.)

இம்முறை வாங்கியதில் பேரிங் நான்குதான். மாலைதோறும் நல்ல தண்ணீரில் அலசித் துடைப்பது தங்கையின் வேலை. அப்பா இன்னும் தங்கூசியையும் கூடவே எடுத்துச் செல்கிறார்.